மூடியை எண்ணினியா தம்பி?

பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் செல்ஃப் எடுக்கவில்லை என்று ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பாட்டரி டெர்மினல் லூஸ். அஞ்சு நிமிட வேலை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பலாம் என்றால் ஆச்சி விடவில்லை. "பலகாரம் சாப்பிடாம எப்படிப் போவீக" என்று முகப்பில் உட்காரவைத்துக் கந்தரப்பமும் காப்பியும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர், பினாங்கில் தொழில், கல்யாணத்துக்காக வந்தவர். நான் மலேசியாவில், லங்காவித் தீவில் படகு வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உடனே போனை எடுத்து நீட்டினார். 1970களில் கட்டிய அமெரிக்க மோட்டார் யாட், அதாவது சொகுசுப் படகு ஒன்று, இரண்டு டீசல் எஞ்சின், விலை படிந்து வருகிறதாம். "அண்ணே, இதுல 32 வோல்ட்னு போட்டிருக்கு. அப்படி ஒரு வோல்ட்டே நான் கேள்விப்பட்டதில்ல. எல்லாத்தையும் பிடுங்கிட்டு 12 ஆக்கிடலாமா?"

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் வேண்டாம் என்பது ஒரு காப்பிக்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஜெகதாப்பட்டினம், தொண்டிப் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கும் லாரி ஒயரிங் பார்க்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் வோல்ட் என்றால் எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா ஒயர்மேன். இன்வெர்ட்டர் எல்லாம் வராத காலம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு விசேஷம், கரண்ட் போய்விட்டது. அப்பா முகப்பில் ஒரு 12 வோல்ட் லாரி பாட்டரியை வைத்து, ஹெட்லைட் பல்பு நாலைந்தை ஒயரில் கட்டி ஓட்டினார். இந்த ஊர் வீடுகள் தெரியுமே, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பிலும் வளவிலும் பல்பு பளிச்சென்று எரிகிறது. அடுப்படியில் இருக்கிற இரண்டு மட்டும் கரித்துண்டு மாதிரி சிவந்து கிடக்கிறது. சமையல்காரர் கத்துகிறார். அப்பா பதறவில்லை. டெம்போவிலிருந்து இன்னொரு பாட்டரியைக் கழற்றி வந்து அடுப்படி லைனுக்கு மட்டும் இரண்டையும் சீரியஸில், அதாவது ஒன்றின் பின் ஒன்றாகப் போட்டு 24 ஆக்கினார், அங்கே இருந்த இரண்டு பல்பையும் சீரியஸில் கட்டினார். அதே ஒயர், அதே பல்பு. வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும், மந்திரம் மாதிரி இருந்தது.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகப்பிலிருந்து அடுப்படிக்கு 50 மீட்டர், போக வர 100. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் மொத்தம் 0.69 ஓம் வருகிறது. 60 வாட் பல்பு இரண்டை 12 வோல்ட்டில் பக்கம் பக்கமாகக் கட்டினால் பல்புக்குப் போய்ச்சேர்வது ஏழரை வோல்ட்தான், மிச்சத்தை ஒயர் தின்றுவிடுகிறது. 24இல் சீரியஸாகக் கட்டினால் ஆளுக்குப் பத்தரை கிடைக்கிறது. அதே வேலைக்கு வோல்ட் இரண்டு மடங்கானால் ஆம்பியர் பாதி ஆகும், ஒயரில் விழுகிற நஷ்டம் சதவீதத்தில் நாலில் ஒன்றாகக் குறையும். பழைய படகுக்காரர்கள் 32 வோல்ட் வைத்ததும் இதற்காகத்தான். ஆயிரம் வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் வேண்டும், 24இல் 42, 32இல் 31. பாட்டரி எஞ்சின் ரூமில், நங்கூரம் தூக்குகிற விஞ்சு மூக்கில், நடுவில் ஐம்பது அடி என்றால் செம்புக்குக் கொடுக்கிற காசே கண்ணைக் கட்டும்.

32 என்பது படகுக்காகப் பிறந்ததும் இல்லை. அமெரிக்கக் கிராமங்களுக்குக் கரண்ட் கம்பி வராத காலத்தில், 1916இலிருந்து, டெல்கோ லைட் என்று ஒரு வீட்டு ஜெனரேட்டர் விற்றார்கள். ஒரு சின்ன எஞ்சின், கண்ணாடி ஜாடியில் 16 செல், 32 வோல்ட். பண்ணை வீடுகளில் பல்பு, பம்பு, சலவை மெஷின் எல்லாம் அதற்கென்றே செய்து விற்றார்கள். சாமான் தாராளமாகக் கிடைத்ததால் படகும் அதையே எடுத்துக்கொண்டது. பண்ணைக்கு ஊர்க் கரண்ட் வந்ததும் அது அங்கே செத்துவிட்டது. ஹேட்டராஸ் மாதிரிப் பெரிய அமெரிக்கப் படகுகளில் மட்டும் அதற்கப்புறமும் ரொம்ப காலம் ஓடியது. அதே அளவு ஐரோப்பியப் படகுகள் பெரும்பாலும் 24.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2006இல் லங்காவி போனேன். காரைக்குடியில் லாரி, டிராக்டர், பஸ் என்று பதினைந்து வருஷம் கை பழகியவன், அந்தத் திமிர் நிறையவே இருந்தது. போன மூன்றாவது வாரம் ஒரு பழைய அமெரிக்கப் படகு வந்தது. ஓனர் வெள்ளைக்காரர், ரிட்டையர் ஆனவர், தனி ஆள். புதுசாக ஒரு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கி வைத்திருக்கிறார், ஆழமும் மீன் கூட்டமும் காட்டுகிற பெட்டி, அதை மாட்டித் தர வேண்டும். பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறது. எங்கள் மேஸ்திரி மலேசியாவிலேயே பிறந்த தமிழர், அறுபது வயசு இருக்கும், வேறொரு படகில் இருந்தார். நான் பாத்துக்கறேன் அண்ணே என்று இறங்கிவிட்டேன்.

எஞ்சின் ரூமில் பெரிய பாட்டரி நாலு. லாரிக்காரன் கண்ணுக்கு என்ன தோன்றும்? பெரிய வண்டி, 24 வோல்ட், இரண்டிரண்டாக இரண்டு செட். அப்படியானால் ஒரு பாட்டரியில் எடுத்தால் 12. மீட்டர் வைத்தேன், ஒரு பாட்டரியில் எட்டு சொச்சம் காட்டியது. இங்கேதான் கோட்டை விட்டேன். பாட்டரி செத்துக் கிடக்கிறது, ஒரு செட்டையும் சேர்த்துத்தான் இப்போது 12 கிடைக்கும் போல என்று, இரண்டு பாட்டரி சேர்த்து வைத்துப் பார்த்தேன். 16.8. ரொம்ப நாள் சார்ஜ் ஏறாத 24 வோல்ட் செட் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பெட்டியின் பின்னால் 10 முதல் 17 வரை தாங்கும் என்று எழுதியிருந்ததும் வாட்டமாகப் போய்விட்டது. மாட்டினேன். திரை எரிந்தது, ஆழம் காட்டியது, ஓனருக்கு ஒரே சந்தோஷம், எனக்கு ஒரு குளிர்ந்த டின் பானம் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிஷம் இருக்கும். சூடான பேக்லைட் வாசனை என்று நம் தொழில்காரர்களுக்கு மூக்கில் ஒரு பயம் இருக்குமே, அது வந்தது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் திரை வெள்ளையாகி, கோடு கோடாகி, அணைந்துவிட்டது.

மேஸ்திரி வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, நேராக எஞ்சின் ரூமுக்கு இறங்கினார். டார்ச்சை பாட்டரி மேல் அடித்து ஒரே கேள்வி கேட்டார். "மூடியை எண்ணினியா தம்பி?"

எண்ணவில்லை. ஒவ்வொரு பாட்டரியிலும் டிஸ்டில் வாட்டர் ஊற்றுகிற மூடி நாலுதான் இருந்தது. ஒரு மூடிக்கு ஒரு செல், ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட். நம் லாரி பாட்டரியில் ஆறு மூடி, அதனால் 12. பழைய ஸ்கூட்டர் பாட்டரியில் மூன்று, அதனால் 6. நாலு மூடி என்றால் 8. 8 வோல்ட் பாட்டரி நாலும் சீரியஸ், 32. நான் செத்த பாட்டரி என்று நினைத்தது முழுசாக சார்ஜ் ஏறிய நல்ல பாட்டரி, 8.4. எஞ்சின் ஓடி டைனமோ ஏற்ற ஆரம்பித்ததும் செல்லுக்கு 2.4 என்று போனால் மொத்தம் 38.4, என் இரண்டு பாட்டரிக்கு 19.2. பெட்டி எப்படித் தாங்கும்? கொடுமை என்னவென்றால் எஞ்சின் தலையில் கொட்டை எழுத்தில் 8வி-71 என்று பட்டை வேறு அடித்திருந்தது. அந்த வி வோல்ட் இல்லை. டெட்ராய்ட் டீசல் கம்பெனி எஞ்சினில் எட்டு சிலிண்டர் வி வடிவத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்று அர்த்தம். அதைத் தப்பாகப் படித்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்!

பெட்டியின் விலையில் பாதியை என் சம்பளத்தில் நாலு மாசமாகப் பிடித்தார்கள். மீதியை மேஸ்திரி பேசிச் சரிக்கட்டினார்.

அந்த நாலு மாசத்தில் அவரோடு சுற்றித்தான் பழைய படகு எப்படி யோசிக்கும் என்று கற்றுக்கொண்டேன். பழைய படகில் ஒரே ஒரு வோல்ட் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் படகிலேயே எஞ்சின் ஸ்டார்ட்டிங், விஞ்சு, அறை லைட்டு, அடியில் தேங்குகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்பு எல்லாம் 32. ஜெனரேட்டருக்குத் தனியாக ஒரு 12. ரேடியோவுக்குப் பிற்பாடு எவரோ சேர்த்த இன்னொரு 12. அதற்கு மேல் கரையிலிருந்து வருகிற ஏசி கரண்ட். இத்தனை வருஷத்தில் ஏழெட்டு ஓனர் மாறியிருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு ஒயர்மேனைக் கூட்டி வந்திருப்பார்கள், ஒவ்வொரு ஒயர்மேனும் என்னை மாதிரி இருந்திருப்பான். போர்டில் ஒட்டியிருக்கிற சீட்டு முதல் ஓனர் காலத்தது. சீட்டை நம்பக் கூடாது, மீட்டரை நம்ப வேண்டும், மீட்டரையும் மூன்று தடவை வைத்துப் பார்க்க வேண்டும்: சும்மா இருக்கும்போது, செல்ஃப் அடிக்கும்போது, எஞ்சின் ஓடும்போது. நான் முதல் தடவையோடு நின்றவன்.

செல்ஃப் அடிக்கும்போது பார்ப்பதில் ஒரு சூட்சுமம். மொத்தமாக வைத்துப் பார்த்தால் 24, 25 என்று ஏதோ காட்டும், ஒன்றும் புரியாது. பாட்டரி பாட்டரியாக வைக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு, 8 வோல்ட்டுக்கு அது 6.4. மூன்று பாட்டரி ஏழில் நின்று ஒன்று மட்டும் நாலுக்கு இறங்கினால் அதுதான் திருடன். நாலும் நன்றாக நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். ஒரு படகில் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்லி விலை பேசி வைத்திருந்தார்கள். மேஸ்திரி மீட்டரின் ஒரு முனையை பாட்டரி கொம்பிலும் மறுமுனையை கேபிள் நுனியில் மாட்டிய லக்கிலும் வைத்துவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒரு அங்குலத்துக்குள் ஒன்றரை வோல்ட் விழுந்தது. லக்கை வெட்டிப் பிரித்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு, புளி போடாமல் விட்ட செப்புக்குடம் மாதிரி. கடல்காற்றின் உப்பு ஈரம், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஒயருக்குள் ஏறிவிடும். அதனால்தான் படகுக்கு ஈயம் பூசிய செம்பு ஒயர் போடுகிறார்கள். நம் வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசினோமோ கிட்டத்தட்ட அதே சங்கதி.

லாரிக்காரன் படகுக்குப் போனால் மறக்க வேண்டியது இரண்டு. ஒன்று பாடி எர்த், வண்டியின் இரும்பு உடம்பையே திரும்பி வருகிற ஒயராக வைத்துக்கொள்வது. ஃபைபர் படகில் பாடி எங்கே இருக்கிறது? போகிற ஒயர் எவ்வளவு நீளமோ திரும்பி வருகிற ஒயரும் அவ்வளவு, கணக்குப் போடும்போது இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஒயர் கலர். இதை அலட்சியமாக விட்டால் உயிர் போகும். பழைய அமெரிக்கப் படகில் பாட்டரி பக்கம் கறுப்பு ஒயர் நெகட்டிவ். ஏசி பக்கம் அதே கறுப்பு லைவ், 120 வோல்ட், வெள்ளைதான் நியூட்ரல். இந்தியாவில் நமக்குக் கறுப்பு என்றால் நியூட்ரல் என்று ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சில படகில் இரண்டு கூட்டமும் ஒரே போர்டுக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும். கரை பிளக்கைக் கையால் உருவிக் கீழே வைத்துவிட்டு, ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் நின்றிருக்கிறதா பார்த்துவிட்டு, அப்புறம்தான் போர்டைத் திறப்பேன். இப்போதும் அப்படித்தான்.

கரைக் கரண்ட் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவில் 240 வோல்ட் (இப்போது ஏட்டில் 230), 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கப் படகுக்கு வேண்டியது 120/240, 60 ஹெர்ட்ஸ். அங்கே 240 என்பது இரண்டு 120ஐ எதிரெதிராக வைத்தது, நடுவில் நியூட்ரல். நம் பக்கத்து 240ஐ நேராக இரண்டு முனையில் கொடுத்துவிட்டால் நடு நியூட்ரல் அந்தரத்தில் தொங்கும், ஒரு பக்கத்துச் சாமானுக்கு 80, மறுபக்கத்துக்கு 160 என்று எப்படி வேண்டுமானாலும் பிரியும். நடுவில் முனை எடுத்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த வெள்ளைக்காரர் படகில் சமையலறைச் சுவரில் ஒரு பழைய கரண்ட் கடிகாரம் இருந்தது. கரைக் கரண்டில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் பின்னால் போகும். அவர் அதைப் பழுது என்று நினைத்து இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். கடிகாரம் பின்னால் போனால் போகட்டும், அதே 50 ஹெர்ட்ஸில் ஃப்ரிட்ஜ் மோட்டாரும் ஏர்கண்டிஷனர் கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றிச் சூடாகிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பினாங்குத் தம்பியின் கேள்வி. 32ஐப் பிடுங்கி 12 ஆக்கலாமா? ஆக்கினால் அறை லைட்டு ஒயரில் ஆரம்பித்து விஞ்சு கேபிள் வரை எல்லாமே ஒல்லியாகிவிடும், ஏனென்றால் 32க்கென்று அளந்து போட்ட ஒயர் அது, அதே வேலைக்கு இப்போது இரண்டரை மடங்குக்கு மேல் ஆம்பியர் ஓடும். செல்ஃப் மோட்டார், டைனமோ, விஞ்சு மோட்டார் எல்லாம் மாற்ற வேண்டும். என் அபிப்பிராயம், கனமான மோட்டார்களை 32லேயே விட்டுவிடுங்கள். 8 வோல்ட் பாட்டரி கிடைக்காது என்று பயப்பட வேண்டாம், கோல்ஃப் வண்டிக்கு 8 வோல்ட் பாட்டரி வருகிறது. ஆனால் அது மெதுவாக ரொம்ப நேரம் கொடுக்கிற ஜாதி, பெரிய எஞ்சினைச் சுற்றுகிற அளவுக்கு ஒரே மூச்சில் ஆம்பியர் தருமா என்று அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 32 வோல்ட் குண்டு பல்பு தேடி அலையாமல் எல்இடிக்குப் போய்விடலாம், ஆனால் 10-30 வோல்ட் என்று போட்டதை வாங்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது 38 போகும், அதைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் தனி 12 வோல்ட் பாட்டரி, அதற்குத் தனி சார்ஜர். இல்லையென்றால் 32இலிருந்து 12 எடுக்கிற கன்வெர்ட்டர்.

நடுவில் டேப் எடுப்பது, அதாவது சீரியஸில் இருக்கிற பாட்டரிகளில் ஒன்றிரண்டிலிருந்து மட்டும் கரண்ட் எடுப்பது, வேண்டவே வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும், ஏனென்றால் ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து இதைத்தான் பார்க்கிறேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எனக்கு அப்போதுதான் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் வேலை. 24 வோல்ட் படகு, இரண்டு பாட்டரி, ஒயர்லெஸ்ஸுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் 12 வேண்டும் என்று ஒரே பாட்டரியில் கவ்வியிருப்பார்கள். வருஷா வருஷம் பாட்டரி போகிறது, கம்பெனி சரியில்லை என்று கம்பெனியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு படகில் எஞ்சினை ஓடவிட்டு ஓனர் கையிலேயே மீட்டரைக் கொடுத்தேன். மொத்தம் 28.2, டைனமோ தங்கமாக வேலை செய்கிறது. தனித்தனியாக வைக்கச் சொன்னேன். டேப் எடுத்த பாட்டரி 12.9, எடுக்காதது 15.3. டைனமோவுக்கு மொத்தம்தானே தெரியும், எந்தப் பாட்டரி பசியோடு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒன்று பட்டினி, இன்னொன்று தின்று தின்று கொதிக்கிறது. மூடியைத் திறந்து காட்டினேன், கொதித்த பாட்டரியில் தட்டே வெளியில் தெரிகிறது, தண்ணீர் இல்லை. "ரெண்டுமே ஒரே நாள்ல வாங்குனதுண்ணே" என்றார். சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போட்டுவிட்டு இரண்டு பாட்டரியையும் புதுசாக ஒரே நேரத்தில் மாற்றினோம், பழசையும் புதுசையும் ஜோடி சேர்க்கவில்லை. மூன்றாவது வருஷம் ஓடுகிறது.

பினாங்குத் தம்பி போன வாரம் படகைப் பார்க்கப் போயிருக்கிறார். எஞ்சின் ரூம் படம் அனுப்பியிருந்தார். பெரிய பாட்டரி நாலு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் மூடி நாலு. சுவரோரம் மரப்பெட்டிக்குள் ஐந்தாவதாக ஒன்று, அதில் ஆறு. ஜெனரேட்டருக்காக இருக்கும், ஆனால் அதிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் கூரைப்பக்கம் ஏறுகிறது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே கடைசி வரை போய்ப் பாருங்கள், நடுவில் ஃபியூஸ் இருக்கிறதா என்று சொல்லுங்கள், அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.